தில்லை நகர்ல ஃபிளாட் வாங்கப் போறீங்களா? அந்த மனையில எத்தனை வீடு வருதுன்னு முதல்ல எண்ணுங்க!



தில்லை நகர் கிராஸ் தெரு எதுலயாவது சாயங்காலம் ஒரு ரவுண்டு நடந்து பாருங்க. ஒரு பக்கம் மாமரமும் போர்டிகோவுமா பழைய தனி வீடு. பக்கத்துலயே அதே அளவு மனையில, கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே வரிசையா ஃபிளாட். ஒரு குடும்பம் இருந்த இடத்துல இன்னைக்கு ஆறு குடும்பம்.

"இது வளர்ச்சியா, நெரிசலா?"ன்னு கேட்டா தெருவுக்கு ஒரு பதில் வரும். நமக்கு இது வெறும் ஊர்ப் பேச்சு இல்ல. 20 வருஷம் இஎம்ஐ கட்டப் போறவங்களுக்கு அந்தப் பதில்கள் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரூபாய் மதிப்பு இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம்.

யார் என்ன சொல்றாங்க?

பழைய வீட்டு ஓனர்: பிள்ளைங்க சென்னையிலயோ வெளிநாட்டுலயோ இருப்பாங்க. பெரிய வீட்டைப் பராமரிக்க முடியல. பில்டரோட ஜாயின்ட் வென்ச்சர் போட்டா கையில ரெண்டு ஃபிளாட்டும் கொஞ்சம் பணமும் வரும். அவருக்கு அடர்த்தி லாபம்.

எதிர் வீட்டுக்காரர்: "ஒரு வீட்டுக்குன்னு போட்ட சாக்கடை லைன்ல ஆறு வீட்டுக் கழிவு எப்படிப் போகும்? கார் எல்லாம் என் கேட் முன்னாடிதான் நிக்குது." 1977, 2005 வெள்ளங்களைப் பார்த்த ஊர் இது. மழைத்தண்ணி வடிய மண் தரை இல்லாம சிமெண்டா ஆகுதேங்கிற பயம் நியாயமானதுதான்.

வாங்க நினைக்கிற நாம: ஆஸ்பத்திரி, ஸ்கூல், பேங்க் எல்லாம் நடக்கிற தூரம், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம். இங்க தனி வீடு வாங்குறது சம்பளக்காரருக்குக் கனவுலதான் நடக்கும். மனையைப் பல பேர் பங்கு போட்டாத்தான் நமக்கு ஒரு இடம் கிடைக்கும்.

மூணு பேருமே அவங்கவங்க இடத்துல சரிதான். ஆனா செக் எழுதப் போறது நாமதான். அதனால கணக்குக்கு வருவோம்.

எஃப்எஸ்ஐ, யுடிஎஸ்: ரெண்டே வார்த்தைதான்

எஃப்எஸ்ஐ என்பது தளப்பரப்பு குறியீடு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைச் சொல்வது. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், உயரமல்லாத கட்டடங்களுக்கு இதை 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தியது. ரோடு அகலமா இருந்தா, வழிகாட்டி மதிப்பு அடிப்படையில் கட்டணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம். அதுல அதிகபட்சம் இன்னும் 50% கூடும். குறுகலான தெருவுக்கு இது குறையும்.

யுடிஎஸ் என்பது பிரிபடாத நிலப் பங்கு. அந்த மனையில உங்க பேருக்கு எழுதிக் கொடுக்கிற சதுர அடி. கட்டடம் வருஷா வருஷம் பழசாகும். நிலம் பழசாகாது. உங்க சொத்தோட உயிர் இந்த யுடிஎஸ்-ல தான் இருக்கு.

இப்போ 2,400 சதுர அடி மனை ஒண்ணு. ஒவ்வொரு ஃபிளாட்டும் 1,200 சதுர அடி. நிலம் சதுர அடி ரூ.8,000, கட்டுமானம் ரூ.2,500-ன்னு வெச்சுக்குவோம். இது மார்க்கெட் ரேட் இல்ல, கணக்கு புரியுறதுக்கான எண். செட்பேக், பார்க்கிங் விட்டா சின்ன மனையில முழு எஃப்எஸ்ஐ-யும் கிடைக்காது. அதையும் இப்போதைக்கு ஓரமா வைங்க.

- எஃப்எஸ்ஐ 1.5: 3 ஃபிளாட். யுடிஎஸ் 800. நிலம் 64 லட்சம் + கட்டடம் 30 லட்சம் = 94 லட்சம்
- எஃப்எஸ்ஐ 2: 4 ஃபிளாட். யுடிஎஸ் 600. 48 + 30 = 78 லட்சம்
- பிரீமியத்தோட 3: 6 ஃபிளாட். யுடிஎஸ் 400. 32 + 30 = 62 லட்சம்

பார்த்தீங்களா? வீடு கூடக் கூட அடக்க விலை இறங்குது. அதாவது அடர்த்தி நமக்கு எதிரி இல்ல. அந்த இறக்கம் நம்ம கைக்கு வந்து சேருதாங்கிறதுதான் கேள்வி.

ஏமாற்றம் எங்க நடக்குது?

ஆறு ஃபிளாட் கட்டிட்டு, நாலு ஃபிளாட் கட்டின மாதிரி 80 லட்சம் சொல்றாங்கன்னு வைங்க. கட்டடத்துக்கு 30 லட்சம் கழிச்சா மீதி 50 லட்சம். அதை யுடிஎஸ் 400-ஆல வகுத்தா, நிலத்துக்கு நீங்க கொடுக்கிறது சதுர அடி ரூ.12,500. பக்கத்து காலி மனை போறதோ ரூ.8,000.

வித்தியாசம் 18 லட்சம். பில்டருக்கு லாபம், வட்டி, பிரீமியம் கட்டணம் எல்லாம் உண்டு, அதை மறுக்கல. ஆனா அந்த 18 லட்சத்துக்கு 8.5% வட்டியில 20 வருஷ இஎம்ஐ மாசம் சுமார் ரூ.15,600. மொத்தம் 37 லட்சத்துக்கு மேல! பேரம் பேச வேண்டிய இடம் இதுதான். டைல்ஸ் கலர்ல இல்ல.

30 வருஷம் கழிச்சு?

சென்னை தி.நகர், அடையாறு பக்கம் பழைய ஃபிளாட்டுகளை இடிச்சுக் கட்டும்போது, நிலப் பங்கு அதிகமா வெச்சிருந்தவங்களுக்குப் பெரிய வீடு திரும்பக் கிடைக்குது. 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானம் செய்யலாம். ஆனா இன்னைக்கே எஃப்எஸ்ஐ முழுசும் தீர்ந்து போன மனையில, விதி மாறாத வரைக்கும், கூடுதலா விக்க ஒரு ஃபிளாட்டும் இருக்காது. இடிச்சுக் கட்டுற செலவு நம்ம தலையிலதான் விழும்.

ரெரா இருக்கேன்னு நிம்மதியா இருக்காதீங்க

500 சதுர மீட்டருக்குள்ள, அதாவது சுமார் 5,380 சதுர அடிக்குள்ள இருக்கிற மனையில 8 வீட்டுக்கு மேல போகாத திட்டத்துக்கு ரெரா பதிவு கட்டாயம் இல்ல. நம்ம 2,400 சதுர அடி, ஆறு ஃபிளாட் கணக்கு முழுக்க இந்த எல்லைக்குள்ள வருது. தனி வீட்டை இடிச்சுக் கட்டுற சின்ன புராஜெக்ட் பலதும் இப்படித்தான். அங்க உங்களுக்கு நீங்கதான் காவல்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

1. எல்லா ஃபிளாட்டோட யுடிஎஸ்-ஐயும் எழுதி வாங்கிக் கூட்டிப் பாருங்க. மொத்தம் மனையோட அளவுக்குச் சமமா வரணும். குறைஞ்சா, யாரோ நிலத்தைக் கையில வெச்சுக்கிட்டு உங்களுக்கு விக்கிறாங்க.

2. அனுமதி வாங்கின வரைபடத்துல எத்தனை மாடி, எத்தனை வீடுன்னு எண்ணுங்க. நேர்ல ஒரு வீடு கூடுதலா இருந்தா அங்கேயே நில்லுங்க. லோன் மட்டும் இல்ல, நாளைக்கு மறுவிற்பனையும் சிக்கும்.

3. ஜாயின்ட் வென்ச்சர்னா நீங்க வாங்குறது ஓனர் பங்கா, பில்டர் பங்கான்னு கேளுங்க. ஒப்பந்தம், பவர் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாத்தையும் வக்கீல்கிட்ட காட்டுங்க.

4. விலையிலிருந்து கட்டுமானச் செலவைக் கழிச்சு யுடிஎஸ்-ஆல வகுங்க. வர்ற எண்ணைப் பக்கத்து மனை ரேட்டோட ஒப்பிடுங்க.

5. கடைசியா, எதிர் வீட்டுப் பெரியவர்கிட்ட பத்து நிமிஷம் பேசுங்க. "சார், இங்க கோடையில தண்ணி எப்படி? மழைக்கு ரோட்டுல எவ்வளவு நிக்கும்? சாக்கடை அடைக்குமா?"ன்னு கேளுங்க. அவர் புகாரா சொல்றது எல்லாம் நீங்க மாசா மாசம் கட்டப் போற மெயின்டனன்ஸ்: டேங்கர் தண்ணி, கழிவு லாரி, மோட்டார் ரிப்பேர். புரோஷர்ல இது எதுவும் இருக்காது.

அந்தப் பெரியவர் உங்க வீடு வர்றதையே எதிர்க்கிறவரா இருக்கலாம். பரவாயில்ல. நாளைக்கு சாவி வாங்கி நீங்க குடி வந்துட்டா, அடுத்த மனையில எட்டு ஃபிளாட் எழும்பும்போது அதே கேள்வியைக் கேக்கப் போறது நீங்கதான். அதனால அவரை எதிராளியா பார்க்காதீங்க. காசு வாங்காம ஆலோசனை சொல்ற ஆள் அவர்.

நீங்க பார்த்து வெச்சிருக்கிற ஃபிளாட்டோட விலை, சதுர அடி, யுடிஎஸ் மூணையும் கமெண்ட்ல போடுங்க. நிலத்துக்கு எவ்வளவு கொடுக்கறீங்கன்னு சேர்ந்து கணக்குப் போடுவோம். அடுத்த பதிவுல சந்திப்போம்!