எறும்புப் பெட்டியில் ஒரு செடி

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், கீழ்பென்னாத்தூரில் உள்ள எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி காலியாகக் கிடந்தது. மீன் வளர்க்க வாங்கியது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதில் ஈர மண்ணைப் பரப்பினாள். வாசற்படி ஓரம் ஊர்ந்துகொண்டிருந்த பிள்ளையார் எறும்புகளில் ஓர் ஐம்பதைப் பிடித்து உள்ளே விட்டாள். நடுவில் ஒரு துளசிக் கன்றையும் நட்டாள்.

"எறும்பெல்லாம் ஓடிடாம மேல கண்ணாடி வச்சு மூடிடலாமாப்பா? மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள்.

"அதான் செடி இருக்கே. பிராணவாயு கொடுக்கும். மூடு" என்றேன். பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் பௌதிகம் கற்பிக்கும் நான் சொன்ன பதில் இது!

மறுநாள் காலையில் தொட்டியின் உட்புறம் முழுவதும் வேர்த்திருந்தது. கண்ணாடியில் முத்து முத்தாக நீர்த்துளிகள். ஏறக்குறைய பாதி எறும்புகள் அத்துளிகளில் ஒட்டிக்கொண்டு இறந்துகிடந்தன. "செடி நல்லதுதானே செய்யும்னு சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள் மகள். அந்தக் கேள்விக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடைதான் இக்கட்டுரை.

மூன்று சொட்டு நீர்

முதலில் பிராணவாயுவைப் பார்ப்போம். எங்கள் தொட்டி 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் கொண்டது. அதன் கொள்ளளவு 12,000 கன செ.மீ., அதாவது 12 லிட்டர். காற்றில் சுமார் 21 சதவீதம் பிராணவாயு. ஆகவே தொட்டியில் இரண்டரை லிட்டர் பிராணவாயு இருந்தது. ஐம்பது சிற்றெறும்புகளுக்கு இது பல நாள் தாராளமாகப் போதும். மேலும், இரவில் செடியும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளுமே தவிர, கொடுக்காது. செடியை நம்பி மூடியதற்குப் பொருளே இல்லை.

இனி நீராவிக்கு வருவோம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாகச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அந்த அளவை எட்டிய காற்றைத் தெவிட்டிய காற்று என்கிறோம். 12 லிட்டர் காற்று தெவிட்ட எவ்வளவு நீராவி வேண்டும்?

30 × 12 / 1000 = 0.36 கிராம்.

ஒரு சொட்டு நீரின் எடை சுமார் 0.05 கிராம் என்று கொண்டால், இது ஏழு சொட்டு நீர்தான். அறைக் காற்றில் 60 சதவீத ஈரப்பதம் முன்னரே இருந்தால், மீதி 40 சதவீதத்தை நிரப்ப மூன்று சொட்டு போதும்!

செடியோ ஒரு நீர் இறைக்கும் எந்திரம். வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும் பகுதியை இலைத்துளைகள் வழியாக ஆவியாக வெளியேற்றுகிறது. இதுவே நீராவிப்போக்கு. ஈர மண்ணும் தன் பங்குக்கு ஆவியை விடுகிறது. மூன்று சொட்டுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? மாலைக்குள் எங்கள் தொட்டி தெவிட்டியிருக்க வேண்டும்.

இரவில் வெப்பம் 25 டிகிரிக்கு இறங்கினால், ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவி சுமார் 23 கிராமாகக் குறைந்துவிடும். மிச்சம் எங்கே போகும்? முதலில் குளிர்வது கண்ணாடிதான். ஆகவே அதன்மேல் நீராகப் படியும். மார்கழிக் காலையில் புல் நுனியில் பனி கோப்பது எப்படியோ, அப்படியே இதுவும்.

எறும்பு ஏன் துளியிலிருந்து மீளவில்லை? நமக்குத் துளி ஒரு பொருட்டல்ல. எறும்புக்கோ பரப்பு இழுவிசை பெரும் பகை. ஓர் உயிரின் நீளம் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால், நீரின் விளிம்பு அதை இழுக்கும் விசை ஆயிரத்தில் ஒரு பங்காகும். ஆனால் அதன் எடை, நீளம், அகலம், உயரம் மூன்றையும் பொறுத்தது. ஆதலால் அது நூறு கோடியில் ஒரு பங்காகிவிடும். தசைவலிவும் நீளத்தைவிட வேகமாகக் குறையும். எனவே சிற்றெறும்பைப் பற்றிய நீர்ப்படலம் அதன் எடையைப்போல் பன்மடங்கு விசையுடன் பிடித்துக்கொள்கிறது.

ஈரமே இல்லாவிட்டால்?

அப்படியானால் செடியும் வேண்டாம், நீரும் வேண்டாம் என்று முடிவு கட்டலாமா? அதுவும் தவறு. 1983 ஜூன் மாதம் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் ஓர் எறும்புக் கூட்டம் பயணம் செய்தது. நியூஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகர உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய சோதனை அது. எடையற்ற நிலையில் எறும்புகளின் கூட்டு வாழ்க்கை மாறுமா என்பது அவர்களின் கேள்வி. கலம் திரும்பி, பெட்டியைத் திறந்தபோது எல்லா எறும்புகளும் இறந்திருந்தன. ஈரம் வற்றியதே காரணம் என்று பின்னர் தெரிந்தது.

எங்கள் தொட்டியில் ஈரம் மிகுந்தது. அவர்கள் பெட்டியில் ஈரம் வற்றியது. எறும்புக்கு வேண்டியது, ஒரு மூலையில் ஈரமும் மறு மூலையில் உலர்வும். தனக்கு வேண்டிய இடத்தை அதுவே தேர்ந்துகொள்ளும்.

ஒளியின் சிக்கல்

செடிக்கு ஒளி வேண்டும். எறும்போ தன் கூட்டை இருட்டில் வைத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் ஜான் லப்பக் இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மண்ணை நிரப்பி எறும்புகளை வளர்த்தார். அவரிடம் வாழ்ந்த ஓர் அரசி எறும்பு ஏறத்தாழ 15 வயதில், 1888-ல் இறந்தது. அவர் முப்பட்டகத்தால் பிரித்த ஒளியைக் கூட்டுப்புழுக்கள்மேல் விழச் செய்தார். எறும்புகள் ஊதாப் பகுதியிலிருந்தும், அதற்கு அப்பால் நம் கண்ணுக்கே தெரியாத புற ஊதாப் பகுதியிலிருந்தும் அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடின. சிவப்புப் பகுதியை இருட்டாகவே கருதின. இன்றும் எறும்பு வளர்ப்போர் கூட்டின்மேல் சிவப்புத் தாளைப் போர்த்துவது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. ஒளிக்காக மூடிய தொட்டியை வெயிலில் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது சிறிது நேரத்திலேயே அடுப்பாகிவிடும்.

இரண்டு அறைகள்

இவற்றையெல்லாம் எண்ணி இரண்டாம் முறை நாங்கள் செய்த அமைப்பு இது. நீங்களும் செய்யலாம்.

1. கூடு: ஒரு சோதனைக்குழாயில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, நீரைத் தொடும்படி பஞ்சை இறுக்கமாகச் செருகுங்கள். நுண்புழை ஏற்றத்தால் பஞ்சு ஈரமாகவே இருக்கும், நீர் ஒழுகாது. மீதி இடம் எறும்புகளின் வீடு. குழாயைச் சிவப்புத் தாளால் சுற்றுங்கள்.

2. உலாவும் இடம்: குழாயைத் தொட்டிக்குள் படுக்கவையுங்கள். தொட்டியின் தரையில் உலர்ந்த மணல் போதும். மேலே கண்ணாடிக்குப் பதில் மெல்லிய மல் துணியை இழுத்துக் கட்டுங்கள். நீராவி துணியின் இடைவெளிகள் வழியே விரவி வெளியேறும்.

3. செடி: மணிபிளான்ட் துண்டு ஒன்றைச் சிறு கோப்பையில் வைத்து, கோப்பையோடு தொட்டியில் வையுங்கள். கோப்பை மண்ணின்மேல் கூழாங்கற்களை நெருக்கமாகப் பரப்புங்கள். இல்லாவிட்டால் எறும்புகள் நீங்கள் தந்த கூட்டை விட்டு, உங்கள் கண்ணில் படாமல் வேரடியில் குடியேறிவிடும். நேர் வெயில் படாத ஜன்னல் வெளிச்சம் போதும்.

4. கடையில் வாங்கிய செடியை உடனே வைக்காதீர்கள். பூச்சிமருந்துகளுள் சில செடியின் சாற்றிலேயே கலந்திருக்கும். இலையின் அடிப்புறத்தையும் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ இருந்தால், எறும்புகள் அவற்றின் இனிப்புக் கழிவுக்காக அவற்றைப் பசு மேய்ப்பதுபோல் பேணும், செடி வாடும்.

5. உணவு: ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், இறந்த ஈ ஒன்று. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள்; பூசணம் பிடிக்கும்.

கடிக்கும் எறும்புகள் வேண்டாம். வேலைக்கார எறும்புகளை மட்டும் பிடித்தால், சில வாரங்கள் கவனித்துவிட்டு எடுத்த இடத்திலேயே விடுங்கள். அரசி இல்லாத கூட்டம் பெருகாது.

எறும்பும் செடியும் தோழர்களா?

பெட்டியில் பகையாகத் தோன்றும் எறும்பும் செடியும் வெளியில் பழைய தோழர்கள். காராமணியின் பூங்காம்பைக் கைலென்ஸால் பாருங்கள். பூவுக்கு வெளியே தேன் ஊறும் சிறு சுரப்பிகள் தெரியும். பூவரச இலையின் அடியிலும் உண்டு. தேனுக்கு வரும் எறும்பு, இலை தின்னும் புழுக்களை விரட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹம்போல்டியா என்ற மரத்தின் உள்ளீடற்ற கணுவிடைகளில் எறும்புகள் குடியிருக்கின்றன. அங்கு வாழும் உயிர்களின் கழிவிலுள்ள சத்து மரத்துக்குச் சேர்கிறது என்பதை, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரெனீ போர்ஜஸ் குழுவினர் ஐசோடோப்புகளின் உதவியால் 2014-ல் காட்டினர். அந்தக் குடியிருப்புக்குக் காற்று வர வாசல் உண்டு. என் தொட்டிக்கு நான் அதை வைக்கவில்லை.

செய்து பாருங்கள்

செடிக் கோப்பையின் மண்ணைப் பாலித்தீன் தாளால் மூடி, தண்டைச் சுற்றி நூலால் கட்டுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் தராசில் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நிறுங்கள். குறைந்த எடை, இலைகள் வெளியேற்றிய நீர். அது உங்கள் பெட்டியைப் போன்ற எத்தனை பெட்டிகளைத் தெவிட்டச் செய்யும் என்று கணக்கிடுங்கள். இரவிலும் அவ்வாறே செய்யுங்கள். பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு ஏன்?

எங்கள் இரண்டாம் தொட்டியின் கண்ணாடியில் இதுவரை ஒரு துளியும் படியவில்லை. ஆயினும் மகள் தினமும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் பார்க்கிறாள். நானும்தான்.