தள்ளிப்போன கச்சேரி

ஸ்ரீவில்லிபுத்தூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது.

கச்சேரி தள்ளிப்போன கோபத்தில் நீ எழுதிப் போட்டதை எல்லாம் உன் அத்தை போனில் வாசித்துக் காட்டினாள். பணம் வாங்கிய அமைப்பாளரை நீ கேள்வி கேட்டது சரிதான். அதே மூச்சில் கச்சேரி நடத்தவிருந்த இசையமைப்பாளரின் வீட்டுப் பெண்களையும் இழுத்து எழுதியிருக்கிறாயே, அது பொறுக்கவில்லை. முன்னது உன் உரிமை, அதை விட்டுக்கொடுக்காதே. பின்னதை இன்றைக்கே அழித்துவிடு.

உன் நஷ்டம் மாமாவுக்குத் தெரியாமல் இல்லை. சென்னைக்காரருக்குக் கச்சேரி ரத்தானால் ஒரு சாயங்காலம் போச்சு, அவ்வளவுதான். ராஜபாளையத்து ரசிகனுக்குப் பொதிகை எக்ஸ்பிரசில் முன்பதிவு, எழும்பூரில் இறங்கி கிழக்குக் கடற்கரைச் சாலை வரை போகிற செலவு, ரூம் வாடகை, மில்லில் இரண்டு நாள் லீவு என்று எல்லாமே சேர்ந்து போகிறது. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருபவர்கள் இதையெல்லாம் கணக்கில் எடுப்பதில்லை. கச்சேரி வணிகம் முழுக்கச் சென்னையைச் சுற்றியே நடப்பதால் தென்மாவட்ட ரசிகனின் நஷ்டம் யார் கண்ணிலும் படுவதில்லை. பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரி நினைவிருக்கும். 2023 ஆகஸ்ட் 12 அன்று நடக்க வேண்டியது, மழையால் செப்டம்பர் 10-க்குத் தள்ளிப்போனது. பனையூர் ஆதித்யராம் பேலஸ் சிட்டியில் அன்று டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியவில்லை. குழந்தைகளோடு வந்தவர்கள் நெரிசலில் தவித்தார்கள். பெண்கள் சீண்டலுக்கு ஆளானதாகப் புகார் சொன்னார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலமைச்சரின் கார் அணிவகுப்பே சிக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததையும் பார். பொறுப்பு தங்களுடையது என்று அமைப்பாளர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை மின்னஞ்சலில் அனுப்பும்படி ரஹ்மான் கேட்டார். அனுப்பியவர்களில் பலருக்குப் பணம் திரும்பியது. நடந்ததை நிதானமாக, ஆதாரத்தோடு சொன்னவர்களுக்குத்தான் பதில் கிடைத்தது. ரஹ்மானைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, கூட்டத்தில் நசுங்கியவர்களையே சந்தேகப்பட்டு எழுதிய ரசிகர்களும் உண்டு. வசை பாடுகிறவர் செய்வதை விட இது பெரிய தப்பு என்பது மாமாவின் எண்ணம்.

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். பாடகர் ஹரிஹரனின் கச்சேரி ஒருமுறை தள்ளிப்போய், 2024 பிப்ரவரி 9 அன்று முற்றவெளி மைதானத்தில் நடந்தது. இலவசப் பகுதியில் நின்ற கூட்டம் தடுப்புகளைத் தாண்டிக் கட்டணப் பகுதிக்குள் புகுந்ததில் நிகழ்ச்சி நடுவில் தடைப்பட்டது. தடுப்பைத் தாண்டியவர்களும் பாட்டைக் கேட்க வந்தவர்கள்தான்.

அனிருத்தின் ‘ஹுக்கும்’ சென்னைக் கச்சேரி 2025 ஜூலை 26-ல் திருவிடந்தையில் நடக்க இருந்தது. டிக்கெட்டுக்கு எதிர்பாராத அளவு கிராக்கி வந்ததால் ஒத்திவைத்து, ஆகஸ்ட் 23 அன்று கூவத்தூரில் நடத்தினார்கள். ரயிலில் 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடுகிறது. புதுத் தேதி அறிவிக்கும்போது நம் பக்கத்து ரயில்களில் படுக்கை கிடைத்திருக்குமா? கிடைக்காதவர்கள் கொதித்தது நியாயமே. ஆனாலும் இடம் போதாத மைதானத்தில் கூட்டத்தை அடைப்பதை விட நாளைத் தள்ளிவைப்பதே மேல். பனையூருக்குப் பிறகு இதில் மாமாவுக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

இனி நம் ஊர்க்கதைக்கு வருகிறேன். 2024 டிசம்பர் 15 அன்று ஆண்டாள் கோயிலில் இளையராஜா இசையமைத்த திவ்ய பாசுரங்களுக்கு ஆடிப்பூரக் கொட்டகையில் நாட்டிய நிகழ்ச்சி நடந்தது. அவரும் வந்திருந்தார். அர்த்த மண்டப வாசலில் அவர் நிற்கும் காட்சி வெளியானதும் ஊரே இரண்டுபட்டது. அர்ச்சகர் உள்ளிட்ட சிலரைத் தவிர வேறு யாருக்கும் அங்கே அனுமதி இல்லை என்றது அறநிலையத் துறை. சுயமரியாதையை எங்கேயும் விட்டுக்கொடுப்பவன் தான் அல்ல, வதந்தியை நம்ப வேண்டாம் என்றார் இளையராஜா. கோயிலுக்குள் யார் எதுவரை போகலாம் என்ற கேள்வி பெரிது, அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவருடைய ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டு சண்டைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பாசுரங்களுக்கு அவர் போட்ட மெட்டைக் கேட்டிருந்தார்கள்? ஆண்டாள் பிறந்த ஊரில் அரங்கேறிய பாசுரங்களுக்கு ஒரு பெரிய இசையமைப்பாளர் மெட்டமைத்திருக்கிறார். அதைப் பற்றிய பேச்சே கிட்டத்தட்ட எழவில்லை. மாமாவுக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

பெரியவர்களுடைய பிணக்கில் போய் நீ விழாதே. 2017-ல் பாடல் உரிமை பற்றி இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பி., மீதி நிகழ்ச்சிகளில் ராஜா பாடல்களைப் பாட மாட்டேன் என்று அறிவித்தார். இரண்டு பக்கத்து ரசிகர்களும் எழுதிக் குவித்த கசப்புக்கு அளவில்லை. 2019 ஜூன் 2 அன்று சென்னையில் இளையராஜாவின் மேடையில் எஸ்.பி.பி. பாடினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 25-ல் அவர் காலமானார். நண்பர்கள் சேர்ந்துவிட்டார்கள், ரசிகர்கள் எழுதிய வசைகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன.

புதுப் பாட்டு வெளியான பத்து நிமிஷத்தில் ‘குப்பை’ என்று தீர்ப்பு எழுதுகிறாயே, அது என்ன அவசரம்? கேசட் காலத்தில் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதி, 60 வேண்டுமா 90 வேண்டுமா என்று சொல்லிப் பதியக் கொடுப்பார்கள். 60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவிலேயே அறுந்துபோகும். அறுந்த பாட்டோடு சேர்த்து அந்தக் கேசட்டைத்தான் மாதக்கணக்கில் கேட்டார்கள். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-ல் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கிய அந்த இசை, வரிப் பாட்டுக்குப் பழகிய காதில் முதல் தடவையிலேயே ஒட்டிக்கொள்ளாது. வி.எஸ்.நரசிம்மனின் வயலின் எங்கே தனியே பிரிகிறது, எங்கே வந்து சேர்கிறது என்பது திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கே பிடிபட்டது. பிடிக்காத பாட்டைப் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல். ஹெட்போன் போட்டு மூன்று நாள் கேட்டுவிட்டு, எந்த இடம் சரியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்.

உன் பணம் பற்றிக் கடைசியாக ஒன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னைக்கு அலைய வேண்டாம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. நீ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். முதலில் அமைப்பாளருக்கு முறையாக ஒரு கடிதம் அனுப்பு. பதில் வராவிட்டால் ஆணையத்துக்குப் போகலாம். 1915 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். டிக்கெட் நகல், பணம் கட்டிய ரசீது, ரயில் டிக்கெட், தேதி மாறியதாக வந்த செய்தி எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. கடிதத்தை நாம் இருவரும் சேர்ந்தே எழுதலாம்.

இப்படிக்கு,
மாமா