கை படும் இடம் தேயட்டும்

புது மரச்சாமானைப் பழசுபோல ஆக்க வேண்டும் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த நம்பர் உப்புத்தாள் வாங்குவது என்பதைத்தான். கடைக்குப் போகுமுன் பாட்டி வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள் என்பேன். பாட்டி வீடு இல்லையென்றால் ஊரில் நூறு வருஷம் கண்ட ஏதாவது ஒரு வீடு. அங்கே கிடக்கும் பெஞ்சையும் ஊஞ்சல் பலகையையும் கதவு நிலையையும் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

பெஞ்சின் முன்விளிம்பு நடுவில் மழுங்கியிருக்கும். சுவரோரம் இருந்த பின்விளிம்பு ஆசாரி இழைத்துக் கொடுத்த அன்று இருந்தபடியே கூர்மையாக இருக்கும். நாற்காலியின் கைப்பிடி நுனியில் உள்ளங்கை பட்டுப் பட்டுக் கறுத்து மினுமினுப்பு ஏறியிருக்கும். கால்களுக்கு நடுவே ஓடும் குறுக்குச் சட்டத்தில் குதிகால் ஊன்றும் இடம் மட்டும் வழுவழுவென்று இறங்கியிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் வீடு கழுவிய தண்ணீரைக் குடித்துக் கால்களின் அடிப்பாகம் நான்கு விரல்கடை உயரத்துக்குக் கறுத்திருக்கும். கதவில் நாதாங்கி ஆடி ஆடி ஒரு வில்போலக் கோடு கிழித்திருக்கும். சாய்வு நாற்காலியில் தலை சாயும் இடத்தில் எண்ணெய் இறங்கியிருக்கும். இவற்றில் காரணமில்லாத தேய்மானம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கையோ காலோ துடைப்பமோ வெயிலோ இருக்கிறது.

அதனால் உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் நான் சாக்பீஸ் எடுப்பேன். புதுச் சாமானை அது இருக்கப்போகிற இடத்தில் வைத்து, உட்கார்ந்து, எழுந்து, இழுத்து, திறந்து மூடிப் பார்ப்பேன். கை எங்கே விழுகிறதோ, கால் எங்கே தேடிப் போகிறதோ, அங்கெல்லாம் ஒரு கோடு. கோடு விழாத இடத்தில் கை வைப்பதில்லை. எல்லா விளிம்பையும் ஒரே அளவில் தேய்த்துவிட்டால், எவ்வளவு சிரத்தையாகச் செய்திருந்தாலும், கடையில் மொத்தமாகச் செய்து அடுக்கிய சரக்கு மாதிரிதான் தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்: யாருடைய வீட்டுப் பழமை நமக்கு வேண்டும்? வெள்ளைப் பெயிண்ட் உரிந்து அடிமரம் எட்டிப் பார்க்கும் அந்தத் தோற்றம் மேல்நாட்டிலிருந்து வந்தது. ரேச்சல் ஆஷ்வெல் 1989இல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் ‘ஷாபி ஷிக்’ என்ற பெயரில் கடை திறந்த பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது. அழகுதான், குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் நம் வீட்டு பெஞ்சும் மணையும் ஊஞ்சலும் பெயிண்ட் கண்டதில்லை. அவை எண்ணெயும் வியர்வையும் விளக்குப் புகையும் ஏறிக் கறுத்தவை. நம்மூரில் வண்ணம் மேல் வண்ணமாகப் பூசப்பட்டவை ஜன்னலும் கேட்டும் சமையலறை அலமாரியும்தான். பொங்கலுக்குப் பொங்கல் பச்சைமேல் நீலம், நீலத்தின்மேல் மறுபடி பச்சை. ஆகவே பெஞ்சையும் டீப்பாயையும் நான் கறுக்க வைப்பேன், அலமாரியையும் ஜன்னல் சட்டத்தையும் உரிய வைப்பேன். இந்தப் பிரிவினை மட்டும் சரியாக அமைந்துவிட்டால் சாமான் வீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

எந்தச் சாமானில் இதைச் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து பர்மா தேக்கில் ஒரு பெட்டியோ ஈட்டி மரத்தில் ஒரு நாற்காலியோ வாங்கி வந்திருந்தால், தயவுசெய்து அதில் உப்புத்தாள் போடாதீர்கள். இரண்டு மூன்று தலைமுறை தேய்த்ததை நாம் ஒரு மத்தியானத்தில் அழித்துவிடுவோம். பழைய பூச்சு என்னவென்று தெரியவில்லையா? பார்வைக்குப் படாத மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். இளகி ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். அதற்கு மெல்லிய அரக்குப் பூச்சே போதும், உயிர் வந்துவிடும்.

இந்த வேலைக்கு ஏற்றது புது நாட்டு மரம், ரப்பர் மரம், இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளில் இருக்கும் பைன் பலகை. பிளைவுட்டின் மேல் ஒட்டிய வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இரண்டு இழுப்பில் உள்ளே இருக்கும் பசை தெரிந்துவிடும். லேமினேட்டில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

மேலே பாலிஷ் இருந்தால் முழுக்க எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அடுத்தது விளிம்பு. சாக்பீஸ் கோடு போட்ட இடங்களில் முதலில் அரம், பிறகு 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120, கடைசியில் 220. கை படும் இடம் வழுக்க வேண்டும். நம் வீட்டுத் தேய்மானம் சொரசொரப்பாக இருப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. அடுத்து அடி. சாவிக்கொத்து, பழைய சைக்கிள் செயின், ஒரு கனமான போல்ட் போதும். எங்கள் தெரு ஆசாரி ஒருநாள் வாசலில் நின்று பார்த்தவர், “ஒரே சாமானால அடிக்காதம்மா, எல்லா வடுவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்” என்றார். அன்றிலிருந்து அடிக்கு அடி சாமானை மாற்றுகிறேன். மேசையென்றால் பாத்திரம் வைக்கும் நடுப்பகுதியில் சில பள்ளங்கள், கால்களில் துடைப்பமும் முறமும் இடிக்கும் உயரத்தில் சில கீறல்கள். அடித்து முடித்ததும் 220ஆல் லேசாக ஒரு தடவு. பள்ளத்தின் உதடு மழுங்கினால்தான் அது நேற்றைய காயமாகத் தெரியாது.

பைன் பலகைக்குக் கம்பி பிரஷ் நன்றாக ஒத்துவரும். அதன் வளையங்களில் மெத்தென்ற பகுதியும் கெட்டிப் பகுதியும் மாறி மாறி வரும். ரேகை ஓடும் திசையிலேயே அழுத்தி இழுத்தால் மெத்தென்றது கழன்று, கெட்டிப் பகுதி மேடாக நிற்கும். மழையில் கிடந்த மரம் அப்படித்தான் இருக்கும். துவர்ப்பு அதிகமுள்ள மரத்தில் மட்டும் இரும்புக் கம்பிக்குப் பதில் பித்தளைக் கம்பி பிரஷ் எடுங்கள். உடைந்த இரும்புத் துணுக்கு மரத்தில் தங்கிவிட்டால், ஈரம் பட்டதும் கரும்புள்ளி விழும்.

அந்தக் கரும்புள்ளியையே நாம் வேண்டிய இடத்துக்கு வரவழைக்கலாம். பழைய கதவில் இரும்பு ஆணியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் இருக்குமே, அது மரத்தின் துவர்ப்பான டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கிய நிறம். கலம்காரிக்காரர்கள் கறுப்புக் கோடு வரைவதும் இதே வித்தையில்தான். துணியைக் கடுக்காயில் ஊறவைத்து, வெல்லத்தோடு இரும்பைப் புளிக்கவைத்த சாற்றால் வரைவார்கள். இதை மரத்துக்குக் கொண்டுவருவதில் எனக்குத் தனி ஆசை உண்டு. காசும் அதிகம் ஆகாது, நிறமும் டப்பாவில் வாங்கும் ஸ்டெயினைப் போலத் தட்டையாக இருக்காது.

கண்ணாடிப் பாட்டிலில் வெள்ளை வினிகரை ஊற்றி, துருப்பிடித்த ஆணிகளையோ ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஸ்டீல் உல்லையோ போடுங்கள். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான நார் வேண்டாம். அது துருப்பிடிக்காத இரும்பு என்பதால் வினிகரில் சும்மா கிடக்கும். மூடியை இறுக்கவும் கூடாது. உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகும், அது வெளியேற வழி வேண்டும். அடுப்புப் பக்கமும் வைக்காதீர்கள். சில நாட்களில் சாறு தயாராகிவிடும், துணியில் வடிகட்டிக்கொள்ளலாம். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டு அதையும் வடிகட்டுங்கள். அது இல்லாவிட்டால் கெட்டியான தேயிலை டிகாஷன் போதும்.

முதலில் கடுக்காய்த் தண்ணீர். அது காய்ந்ததும் 220ஆல் ஒரு தடவு தடவ வேண்டும், ஈரத்தில் மரத்தின் நார் எழுந்து நிற்கும். அதன்மேல் இரும்புச் சாறு. பூசும்போது ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பதறி இன்னொரு கை பூசிவிடாதீர்கள். சற்று நேரத்தில் சாம்பல் ஏறி, பிறகு கறுப்பு தட்டும். மறுநாள் காலைவரைகூட மாறிக்கொண்டிருக்கும். ரப்பர் மரமும் பைனும் இயல்பாகவே டானின் குறைந்தவை. கடுக்காய் போடாவிட்டால் வெளிறிய சாம்பலோடு நின்றுவிடும். மரத்துக்கு மரம் நிறம் மாறும் என்பதால் அதே பலகையில் வெட்டிய துண்டில் பூசிப் பார்த்துவிட்டுத்தான் சாமானில் கை வைப்பேன். கால்களின் அடியிலும் ஆணித் தலைகளைச் சுற்றியும் இரண்டு கை, நடுவில் தண்ணீர் கலந்து ஒரு கை. முழுவதும் காய்ந்தபின் தேய்த்து வைத்த விளிம்புகளில் 320ஆல் மெல்ல இழுத்தால் அங்கே மட்டும் மரத்தின் சொந்த நிறம் எட்டிப் பார்க்கும்.

அலமாரிக்கு வண்ண அடுக்கு. அடியில் ஒரு நிறம் பூசிக் காயவிட்டு, கைப்பிடியைச் சுற்றியும் கதவு விளிம்பிலும் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்ப்பேன். மேலே பூசும் இரண்டாவது நிறம் மெழுகு பட்ட இடத்தில் பிடிக்காது. காய்ந்தபின் மழுங்கிய கத்தியால் சுரண்டினால் தானாகப் பெயர்ந்துவரும். உப்புத்தாளால் உரித்ததைவிட இது இயல்பாக இருப்பதற்குக் காரணம், பெயிண்ட் எங்கே உரிய வேண்டும் என்பதை நம் கை பாதிதான் தீர்மானிக்கிறது. இதற்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயிண்ட் வசதி. எனாமல் சரியாக இறுகுமுன் தேய்த்தால் உப்புத்தாளில் பிசினாக ஒட்டிக்கொள்ளும், ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். வெடிப்பு வேண்டுமானால் இரண்டு நிறங்களுக்கு நடுவே வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே மேல்நிறத்தை ஒரே இழுப்பில் பூசுங்கள். போன தலைமுறை ஆசாரிகளின் வஜ்ரப் பசையிலும் இது வரும். நான் வெடிப்பை வெயில் விழும் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

இதில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு விஷயம் உண்டு. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த பழைய ஜன்னலையோ கதவையோ காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறையானது. அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் இருக்கும் வீட்டில் அந்த வேலையையே எடுக்க வேண்டாம் என்பேன். மற்றவர்கள் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம், ஈயத் தூசைத் தடுக்கும் முகக்கவசம் அவசியம். விழுந்த சேற்றைத் துணியில் ஒற்றி எடுத்துக் கட்டி வைக்க வேண்டும், பெருக்கவே கூடாது.

வண்டு துளை போடுவது பலருக்குப் பிடித்த வேலை, எனக்குப் பிடிக்காது. அப்படியும் போடுவதானால் வரிசையாகப் போடாதீர்கள். உண்மையான துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில், வெளிறிய வெளிமரத்தில் கொத்தாக இருக்கும். வைரம் பாய்ந்த உள்மரத்தில் அவ்வளவாக இருக்காது. கடையில் வாங்கும் பழைய பலகையில் ஏற்கெனவே துளையிருந்து, தட்டும்போது மாவுபோல் கொட்டினால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கக்கூடும். போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த மருந்து பூசாமல் அதை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

கடைசிப் பூச்சில் பலருடைய உழைப்பு வீணாகிறது. இவ்வளவும் செய்துவிட்டுப் பளபளக்கும் வார்னிஷை அடித்தால் சாமான் மறுபடி புதுசாகிவிடும். அலமாரிக்கும் பெஞ்சுக்கும் நான் போடுவது தேன்மெழுகுதான். ஒரு பங்கு மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து, கிண்ணத்தை வெளியே தள்ளிக் கொண்டுபோன பிறகு மூன்று நான்கு பங்கு டர்பன்டைன் ஊற்றிக் கலக்க வேண்டும். அடுப்பருகே டர்பன்டைனைத் திறக்கவே கூடாது. தரை போடுவதற்குச் சிமென்டில் கலக்கும் கறுப்பு ஆக்சைடு தூளைச் சிட்டிகையளவு சேர்த்தால், துணியால் தேய்க்கும்போது பள்ளங்களிலும் மூலைகளிலும் மட்டும் அழுக்கு படிந்ததுபோல் தங்கும். மேட்டில் இருப்பதைத் துடைத்துவிடலாம். கைப்பிடி நுனிக்கு நிறமில்லாத மெழுகைப் போட்டு, மினுமினுப்பு வரும்வரை பருத்தித் துணியால் தேய்த்துக்கொண்டே இருங்கள்.

டீப்பாய்க்கு மெழுகு சரிவராது. அறுபது டிகிரி சொச்சத்திலேயே தேன்மெழுகு இளகிவிடும். சுடச்சுட காபி டம்ளர் வைத்தால் வட்டம் விழும். அரக்கும் சூட்டுக்கு வெளுக்கும். அதற்குப் பளபளப்பில்லாத மேட் பாலியூரித்தேன் மெல்லிசாக இரண்டு கை. தேக்காக இருந்தால் பூசுமுன் தின்னரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். அதன் எண்ணெய்ப் பசை பூச்சைப் பிடிக்கவிடாது. ஆளிவிதை எண்ணெய் போடுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாக்கும், சுருண்ட துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

முடித்த சாமானை ஒரு வாரம் புழங்கவிட்டுப் பிறகு பாருங்கள். எங்காவது குறைவதாகத் தோன்றினால் இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மெழுகின்மேல் பூஞ்சை படரும். காய்ந்த துணியால் துடைத்து, சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளிப் போட்டு, தை வெயில் வந்ததும் மெழுகு ஒரு கை போட்டால் போதும்.