தூரம் ஒன்று, நேரம் இரண்டு

நியூயோர்க் கென்னடி விமான நிலையத்திற்கும் இலண்டன் ஹீத்ரோவிற்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய வான்வழி ஏறத்தாழ 5,540 கிலோமீற்றர். போக்கிற்கும் வரவிற்கும் தூரம் ஒன்றே, நேரமோ வேறு. அத்திலாந்திக்கின்மேல் பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் காற்றே காரணம். 2020 பெப்ரவரியில் புயலோடு வலுத்த அக்காற்றின் துணையால் ஒரு விமானம் 4 மணித்தியாலம் 56 நிமிடத்தில் இலண்டனை அடைந்தது, விமானி விரைந்ததனாலன்று.

ஒருவழியில் பெற்ற ஆதாயம் மறுவழி நட்டத்தை ஈடுசெய்யும் என மாணவர் பலர் எண்ணுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். விமான வேகம் மணிக்கு 900 கிலோமீற்றர், காற்று 100 எனக் கொள்க. கிழக்கே 1,000 வீதம் 5 மணி 32 நிமிடம். மேற்கே 800 வீதம் 6 மணி 56 நிமிடம். மொத்தம் 12 மணி 28 நிமிடம். காற்றே இல்லையெனில் 12 மணி 19 நிமிடந்தான்! எதிர்க்காற்றோடு போராடும் நேரமே நீண்டதாதலின் நட்டம் மிஞ்சுகின்றது.