பழைய லேப்டாப்பில் விண்டோஸா, லினக்ஸா?

எங்கள் கம்பம் பக்கம் பல வீடுகளில் முதன்முதலில் நுழைந்த கம்ப்யூட்டர், அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான். 2011 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், எல்காட் மூலம் வந்த லேப்டாப்களில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று பாஸ் லினக்ஸ். ஆன் செய்தவுடன் எது வேண்டும் என்று திரையில் கேட்கும். எனக்குத் தெரிந்த மாணவர்கள் அநேகமாக எல்லாருமே விண்டோஸைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மற்றது எதற்கு என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து 2007ல் வெளியிட்டது. மெனுக்களைத் தமிழிலேயே பார்க்கலாம்.

அந்தப் பழைய லேப்டாப்பை அண்ணனிடமிருந்தோ அக்காளிடமிருந்தோ வாங்கி இப்போதுதான் பழகத் தொடங்குகிறீர்களா? அப்படியானால் இந்தக் கேள்வி உங்களுக்கு முக்கியம். விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14லும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14லும் முடித்துக்கொண்டது. ஆதரவு முடிந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. ஆனால் வழக்கமாக வரும் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிடும். அதில் நெட் பேங்கிங் செய்வது, பூட்டு பழுதான வீட்டில் நகையை வைப்பது போலத்தான். விண்டோஸ் 11 போடலாமே என்றால், குறைந்தது 4 ஜி.பி. ராம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, மைக்ரோசாப்ட் பட்டியலில் உள்ள பிராசசர் எல்லாம் கேட்கிறது. 2011ல் வந்த லேப்டாப் இதில் தேறாது. குறுக்கு வழியில் ஏற்றித் தருவதாகச் சொல்லும் கடைகளும், கிராக் செய்த விண்டோஸைப் போட்டுத் தரும் கடைகளும் உண்டு. இரண்டும் வேண்டாம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். அலுவலகத்தில் முழுக்க லினக்ஸ்தான். அதற்காக எல்லாரும் மாறுங்கள் என்று சொல்ல மாட்டேன். என் உறவினர் ஒருவர் ஏலக்காய் வியாபாரி. கணக்கு முழுவதும் டேலியில் இருக்கிறது. டேலி விண்டோஸுக்கானது, அவரை லினக்ஸுக்கு மாறச் சொன்னால் மறுநாளே கடையில் சண்டைதான். பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள் நிலையும் இதுவே. வைன் என்ற புரோகிராம் மூலம் சில விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் இயக்கலாம். வேடிக்கை பார்க்கச் சரி, தொழிலை அதன் மேல் வைக்காதீர்கள். இவர்களுக்கு விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டருக்குச் செலவழிப்பதே நல்லது.

ஆப்பிளின் மேக் நன்றாகத்தான் இருக்கும். விலையையும், பழுதானால் எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதையும் விசாரித்துவிட்டு ஆசைப்படுங்கள்.

மாணவர்கள் விஷயம் வேறு. 2018ல் வந்த பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூலிலேயே விண்டோஸுடன் உபுண்டு லினக்ஸும் பாடமாக உள்ளது. அதில் கற்கும் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் வரும் பைத்தான் இரண்டையும் லினக்ஸில் காசில்லாமல் பழகலாம். லிப்ரே ஆபீஸும் இலவசம்தான். ஆனால் வேர்டில் தயாரித்த பயோடேட்டாவை அதில் திறந்தால் கட்டங்கள் சற்று நகர்ந்து நிற்கும். பிறருக்கு அனுப்பும்போது பி.டி.எப். ஆக மாற்றி அனுப்பிடவும். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. சி டிரைவ், டி டிரைவ் என்பதெல்லாம் அங்கே கிடையாது. இது முதல் வாரம் குழப்பும். என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது பிரிண்டர்தான். சில மாடல்களுக்கு லினக்ஸ் டிரைவரே கிடைக்காது.

அதனால் இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எப்.சி.இ. அல்லது லுபுண்டு போதும். இரண்டும் பழைய மெஷினுக்கு ஏற்றவை. 2 ஜி.பி. ராமிலும் இவை ஓடும், ஆனால் பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் திணறும். ராமை 4 ஜி.பி. ஆக்குவது நல்லது. அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. பைலை டவுன்லோட் செய்து, ரூபஸ் புரோகிராம் மூலம் 8 ஜி.பி. பென் டிரைவில் எழுதிடவும். பென் டிரைவில் ஏற்கனவே உள்ளவை அழிந்துவிடும். பிறகு லேப்டாப்பை ஆன் செய்யும்போதே பூட் மெனு கீயை அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கவும். பல மாடல்களில் அது எப்12, சிலவற்றில் எப்9. லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே இயங்கும். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதைத் தொடாது. வைபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று ஒரு மாலை முழுக்கச் சோதித்திடவும்.

திருப்தியானால் மட்டும் இன்ஸ்டால் ஐகானைத் தொடவும். வழியில் 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு வாய்ப்பு வரும். அது விண்டோஸை மட்டுமல்ல, டி டிரைவில் உள்ள அக்காள் கல்யாண போட்டோக்களையும் சேர்த்தே துடைத்துவிடும். அவற்றை முதலில் வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்து, அங்கிருந்து நாலு போட்டோக்களைத் திறந்து பார்த்துவிட்டு மேலே செல்லவும்.