படகு வண்டிக்குக் குழாய்: பாரத்துக்கு அளவு, உப்புக்குக் கனம்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எந்தக் குப்பத்திலும் ஃபைபர் படகை மணலில் இழுத்தே ஏற்றினால் படகின் அடி தேய்கிறது, இழுப்பவர் முதுகும் போகிறது. இரண்டு சக்கர வண்டி ஒன்று இருந்தால் இரண்டும் பிழைக்கும். ஆனால் செங்கல்பட்டில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் போதுமான 2 மி.மீ. ஸ்கொயர் பைப்பை அலையில் இறங்கும் வண்டிக்கு எடுக்காதீர்கள்.

முதலில் எடை. படகு, இன்ஜின், வலை, ஐஸ் பெட்டி, உள்ளே தேங்கிய தண்ணீர் எல்லாம் சேர்த்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் பள்ளத்தில் துள்ளி விழும் அதிர்ச்சிக்காக அதை இரட்டியுங்கள். சக்கரத்துக்கு 1,000 கிலோ வரும். படகு உட்காரும் தாங்கி சக்கரத்திலிருந்து 30 செ.மீ. உள்ளே இருந்தால், அச்சுக் குழாயை வளைக்கும் விசை 1,000 × 300 = 3,00,000 கிலோ-மி.மீ. தாங்கியைச் சக்கரத்தை ஒட்டி வைக்க முடிந்தால் வையுங்கள். விசை அந்த அளவுக்குக் குறையும்.

அடுத்து குழாயின் வெளி அளவு. வெளிப்பக்கத்தின் நான்காம் அடுக்கிலிருந்து உட்பக்கத்தின் நான்காம் அடுக்கைக் கழித்து, வெளிப்பக்கத்தைப்போல் ஆறு மடங்கால் வகுத்தால் வளைவைத் தாங்கும் எண் கிடைக்கும். 60×60×4 குழாய்க்கு அது சுமார் 15,700. ஏறக்குறைய அதே எடையுள்ள 72×72×3.2 குழாய்க்கு 19,300. இரும்புக்குக் கொடுக்கும் காசு ஒன்றுதான், வலு கால் பங்கு கூடுகிறது. ஆகவே பாரத்துக்காகச் சுவரின் கனத்தைக் கூட்டாதீர்கள், அளவைக் கூட்டுங்கள்.

கனம் எதற்கு என்றால், உப்புக்கு. கடுமையான கடலோரக் காற்றில் வெறும் இரும்பு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் வரை தேயும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 9223 தரம். உள்ளும் புறமும் ஆண்டுக்கு 0.1 மி.மீ. என்று கொண்டால், ஐந்தாண்டில் மொத்தம் 1 மி.மீ. போய்விடும். 2 மி.மீ. குழாயில் அது பாதிச் சுவர், 4 மி.மீ.யில் கால் பங்கு.

இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வளைக்கும் விசையைத் தாங்கும் எண்ணால் வகுத்தால் சதுர மி.மீ.க்கு விழும் பாரம் வரும்; சாதாரண ஒய்.எஸ்.டி. 210 ரக இரும்பில் அது 14 கிலோவைத் தாண்டக் கூடாது. 72×72×4 குழாயில் அது புதிதில் 12.8 கிலோ, தேய்ந்தபின் 16.9, தேறாது. 80×80×4 புதிதில் 10.2, ஐந்தாண்டு கழித்தும் 13.5. இந்தப் படகின் அச்சுக்கு அதுதான் சரி.

கடையில் ஐ.எஸ். 4923 முத்திரை பாருங்கள். பில்லில் 4 என்று இருந்தாலும் வெட்டிய முனையில் வெர்னியர் வையுங்கள், தராசிலும் ஏற்றுங்கள். 80×80×4 ஆறு மீட்டர் நீளம் சுமார் 55 கிலோ இருக்க வேண்டும். உருண்டைக் குழாயானால் வண்ணப் பட்டை சொல்லும்: மஞ்சள் ஏ கிளாஸ், நீலம் பி, சிவப்பு சி. இரண்டு அங்குலக் குழாயில் இவை முறையே 2.9, 3.6, 4.5 மி.மீ.; இந்தக் கரைக்குச் சிவப்பையே கேளுங்கள்.

வெல்டிங், துளை எல்லாம் முடித்த பிறகே துத்தநாகத்தில் முக்கியெடுக்கும் கால்வனைஸிங்குக்கு அனுப்புங்கள். 2 முதல் 5 மி.மீ. வரையுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 460 கிராம் பூச்சு வேண்டும். கிட்டத்தட்ட 65 மைக்ரான். குழாயை மூடி அனுப்பினால் உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் வெடிக்கும், ஆட்களுக்கே ஆபத்து. மேலும் கீழும் துளை விடச் சொல்லுங்கள். உட்சுவரிலும் துத்தநாகம் ஏறும், பிறகு கடல்நீரும் வடியும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரை அந்தத் துளை வழியே விட்டுக் கழுவுங்கள்.

இது மணலில் மெல்ல இழுக்கும் வண்டிக்கான கணக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்ட ஸ்பிரிங், பிரேக், விளக்கு, பதிவு எல்லாம் வேண்டும். அந்த வண்டியைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டித்தான் செய்ய வேண்டும்.