டீசலால் கழுவினால் என்ஜின் சுத்தமாகுமா?

சிக்கந்தராபாத் ராணிகஞ்சின் உதிரிபாகக் கடைவீதியில் எந்த வேளையில் நின்றாலும், “ஆயிலை வடித்தபின் டீசலை ஊற்றி ஐந்து நிமிஷம் ஓடவிட்டு எடுத்தால் என்ஜின் உள்ளே பளிச்சென்று ஆகிவிடும்” என்ற உபதேசம் காதில் விழுந்தே தீருகிறது. சொல்லும் மெக்கானிக் மனப்பூர்வமாகவே நம்பிச் சொல்கிறார். ஆனால் தேய்வது வண்டிக்காரரின் பேரிங் ஆகையால், யந்திர சாஸ்திரம் பயின்ற எவரும் இந்த விபரீதத்தைக் கேட்டுக்கொண்டு வாளாவிருத்தல் தகாது.

ஓடும் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கின் உலோகத்தைத் தொடாமல், மயிரிழையிலும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்து சுழல்கிறது. அப்படலத்தைக் காப்பது எண்ணெயின் பாகுத்தன்மை; அது, 40 டிகிரி உஷ்ணத்தில், 20டபிள்யூ-40 ஆயிலுக்கு 100 சென்டிஸ்டோக்ஸுக்கும் மேலிருக்க, டீசலுக்கு இந்தியத் தரவிதி அனுமதிப்பது 2 முதல் 4.5 வரையே. “சுமையில்லாமல், மெதுவாகத்தானே ஓடவிடுகிறோம்?” என்று சமாதானம் சொல்பவர்கள், படலம் உருவாவதற்கு வேகமும் வேண்டும் என்பதை ஏன் மறக்கிறார்கள்? கசடு கரைகிறதாம்! கரையாமல் பெயர்ந்த துணுக்குகள் எங்கே போகும்? அப்படிக் கழுவப்பட்ட என்ஜினின் சம்பைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் பம்பின் ஸ்ட்ரெய்னர் வலைக்கண்களில், பலகாரக் கடை வாணலியின் அடிக்கசடுபோல், கரிய பசை அப்பிக் கிடக்கும். வடியாமல் தங்கிய டீசலோ புது ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது.

1932இல் நிஜாம் ரயில்வே 27 ஆல்பியன் பஸ்களை ஓட்டத் தொடங்கிய காலத்தில் ஆயிலில் அழுக்கு நீக்கும் சேர்மானங்கள் இல்லை. தனியாகக் கழுவுவதற்கு அன்று ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இன்றைய ஆயிலோ ஓடும்போதே கழுவுகிறது. ஆயினும், ஹைதராபாத்தில் ஹிமாயத்நகரிலிருந்து ஆபிட்ஸ் வரையான சிறு தூரம் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் ஆயில் போதிய சூடேறாமையால், எரிபொருள் எரிந்து பிறந்த நீர் ஆவியாகாமல் தங்கிக் கசடாகிறது. அத்தகைய வண்டிக்கு வேண்டிய சிகிச்சை, கையேடு சொல்லும் கெடுவுக்கு முன்னதாகவே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவதுதான்.

அதுபோலவே, ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்பதும் பிரமை. அழுக்கைத் தன்னுள் ஏந்துவதால் கறுக்கிறது. கெட்டியான ஆயில் எல்லா என்ஜினுக்கும் நல்லது என்பதும் பொய். கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கக்கூடும். பைக் ஆயில் டப்பாவில், கிளட்ச் வழுக்காமைக்கு அடையாளமான ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரையைப் பாருங்கள்.

இவையனைத்தினும் என் மனத்தை வருத்துவது வடித்த ஆயிலின் கதி. 2016ஆம் ஆண்டு விதிகள் அதை அபாயகரமான கழிவென்று வகுத்திருக்கையில், சாக்கடையில் கவிழ்ப்பவர் மூசி நதியிலேயே கவிழ்க்கிறார். பழைய ஆயில் எங்கே சேர்கிறது என்று கேளுங்கள். அதைச் சேமிக்கும் பீப்பாயைக் காட்ட இயலாத ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள். காலி டப்பாவையும் கிழித்துவிட்டே வாருங்கள். போலி ஆயில் நிரப்புவோர் கைக்கு அது போகக்கூடாது.